கொசுறுக்குக் கட்டம் இல்லை

போனில் ஒருவர் கத்தும்போது ரிசீவரைக் காதிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்தால் சொல்வது கேட்கும், ஆனால் உள்ளே இறங்காது என்பது எனக்குத் தெரியும். நாலு விரற்கடை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு தீபாவளி சீசன் பிடித்தது. அந்த முதல் சீசனில் ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, திட்டுகிற ஒவ்வொருவருக்கும் கண் கலங்கி, மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியோடு அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன கழுதை நான். இரண்டாவது சீசனில் தேறிவிட்டேன். தேறிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. சிவகாசியில் பட்டாசுக் கடைக்காரர்கள் சிலர் இன்டர்நெட்டில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். நான் வேலை பார்த்த கடையும் அதில் ஒன்று. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் மேலே துணி போட்டு மூடி வைக்கிற சாமான், அவ்வளவுதான். வெப்சைட்டைத் தொடங்கியவர் அவருடைய மருமகன். சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்தவர், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து போவார். கம்ப்யூட்டர் படித்த, இங்கிலீஷில் நாலு வரி தப்பில்லாமல் எழுதத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடியபோது நாரணாபுரத்திலிருந்து நான் அகப்பட்டேன். எங்கள் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஆபீஸ், அப்பா பட்டாசு ஆபீஸ். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் ஆள் நான்தான். அதனால் என்ன நடந்தாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடக் கூடாது என்பது மட்டும் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

வேலை இதுதான். காலையில் வந்து நிற்கும் ஆர்டர்களைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். பின்னால் இருக்கிற பேக்கிங் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். பெட்டி கட்டி, லாரி பார்சல் ஆபீஸில் போட்டதும் அவர்கள் தருகிற ரசீது நம்பரை வாங்கியவருக்கு மெயிலில் எழுத வேண்டும். அதை நாங்கள் எல்.ஆர். நம்பர் என்போம். பட்டாசைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்ப முடியாது. லாரியில்தான் போகும், அவரவர் ஊர்ப் பார்சல் குடோன் வரைக்கும்தான் போகும். வாங்கியவர் ஆட்டோ பிடித்துப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை வெப்சைட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டிருந்தார்கள். யார் படிப்பார்கள்?

ஆடி முடிந்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும். "வீட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டீங்களா?" "இல்லைங்க சார்." "எப்ப வரும்?" "லாரியில இருக்கு சார்." "எங்க இருக்கு லாரி?" அட சாமி, லாரி எங்கே இருக்கிறது என்று லாரி டிரைவர் வீட்டுக்காரிக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? "படத்துல மயில் லேபிள் இருந்துச்சு, பெட்டியில கிளி இருக்கு" என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். கிளியும் மயிலும் ஒரே வெடிமருந்தில்தான் எரியும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஹிந்தியில் திட்டுவார்கள், தெலுங்கில் திட்டுவார்கள். பாஷை தெரியாவிட்டாலும் திட்டு என்பது நன்றாகத் தெரியும். கேட்டுக் கேட்டுக் காது புளித்து, மனசும் மரத்துப் போனது.

மருமகன் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார். "கஸ்டமர் சாட்டிஸ்ஃபாக்‌ஷன்தான் முக்கியம். ஒரு ஆளு கோவப்பட்டா பத்துப் பேர்கிட்ட சொல்லுவான்" என்பார். அதற்காக ஒரு தாள் தயார் செய்து கொடுத்தார். அதில் நாலு கட்டம். தாமதம், குறைவு, உடைசல், தவறான பொருள். வருகிற ஒவ்வொரு புகாரையும் அதில் ஒரு கட்டத்தில் போட்டு, பெட்டி நம்பரையும் கட்டியவரின் நம்பரையும் எழுதி, சாயங்காலம் கடை எடுத்து வைப்பதற்குள் அவருக்கு அனுப்ப வேண்டும். பெட்டி கட்டுகிற பெண்களுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர். யார் கட்டினார்களோ அவர்கள் நம்பர் உள்ளே வைக்கும் சீட்டிலும் என் மேஜை நோட்டிலும் இருக்கும். பதிலுக்கும் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார்: தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம், இனி இவ்வாறு நேராது. அதை எடுத்து ஒட்டி அனுப்பினால் போதும். நான் ஒட்டுவேன். அனுப்புவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை வருந்தினேன். எதற்கு வருந்துகிறேன் என்று பார்க்கிற பழக்கம் மெல்ல விட்டுப்போனது.

நாலாம் நம்பர் ஒரு அக்கா. நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். சாத்தூர் போகிற வழியில் அவள் ஊர். கொட்டகையில் எப்போதும் இடது பக்கக் கடைசியில், சுவரை ஒட்டித்தான் உட்காருவாள். இடது காது கேட்காது. எல்லோரும் வலது பக்கம் இருந்தால்தான் பேச்சு காதில் விழும். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தபோது பக்கத்து அறை வெடித்ததில் போன காது அது. இடது முழங்கைக்குக் கீழே தோல் பாலிதீன் தாள் மாதிரி வழவழவென்று சுருங்கி இருக்கும். அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, சோறு தின்றுவிட்டுக் கை கழுவும்போது சொன்னாள்:

"மருந்து வாடை பட்டாலே எனக்கு வயித்தைப் பொரட்டும் பாப்பா. ராவெல்லாம் தூக்கம் வராது. இங்கன எல்லாம் சுத்தி ஒட்டுன சாமான், கையில மருந்து படாது. இந்த இடம் இருக்கிற வரைக்கும் நான் பொழச்சேன். இது போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்? திரும்ப மருந்துக்குத்தான் போகணும்."

எனக்கு அது தெரியும். நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

இனி கொசுறு. எங்கள் ஊர்க் கடைகளில் பட்டாசு வாங்கிய யாரும் கொசுறு இல்லாமல் படியிறங்கியது கிடையாது. பில் போட்ட சாமானெல்லாம் கட்டி முடித்த பிறகு, கடைக்காரர் கையை நீட்டி ஒரு சாட்டையோ, புஸ்வாணம் என்கிற பூச்சட்டியோ, ஒரு பெட்டி பாம்பு மாத்திரையோ எடுத்து மேலே வைப்பார். வாங்குகிறவரும் அதற்காக ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். வைக்க மறந்தால் வாய்விட்டே கேட்பார்கள். "என்ன அண்ணாச்சி, மேல ஒன்னையும் காணோம்?" அண்ணாச்சியும் அப்படி வைத்து வைத்துப் பழகியவர்தான். இன்டர்நெட் பெட்டிகளிலும் பேக்கிங் பெண்கள் அதே பழக்கத்தில் ஒன்றை வைத்தார்கள். வரும் வழியில் அட்டை கிழிந்த பெட்டிகளிலிருந்து எடுத்துத் தனியாக ஒரு கூடையில் போட்டிருந்த நல்ல சாமான்தான். யாருக்கும் அதில் நஷ்டம் கிடையாது.

மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. என் இரண்டாவது சீசன் தொடக்கத்தில் கொட்டகைக்கு வந்து எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "லிஸ்ட்ல பத்துன்னா உள்ள பத்துதான் இருக்கணும். பதினொன்னு இருந்தா, இவங்களுக்கு எண்ணத் தெரியலைன்னு நினைப்பாங்க. முகம் தெரியாத ஆளு நெட்ல வாங்குறான். சொன்னது சொன்னபடி இருந்தாத்தான் நம்புவான். இனிமே எக்ஸ்ட்ரா எதுவும் வைக்கக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. படித்தவர் பேச்சு. மற்ற ஆறு பேரும் விட்டுவிட்டார்கள். நாலாம் நம்பர் அக்கா விடவில்லை. பெட்டியை நிரப்பி, சீட்டை வைத்து, மூடப் போகும்போது அவள் கை தானாகக் கூடைக்குப் போகும். நான் பிரிண்ட் கொண்டு போகும்போது இரண்டு தடவை பார்த்தேன்.

"அக்கா, வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காகல்ல?"

"சொன்னாக, சொன்னாக. அவுகளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாக. எங்கிட்டோ இருக்கிற புள்ளைக தொறந்து பாக்கும். பில்லுல இருக்கிறது மட்டும் இருந்தா அது வெறும் பெட்டி. மேல ஒன்னு இருந்தாத்தான் ஒரு ஆளு குடுத்தனுப்புன மாதிரி இருக்கும்."

"யாருக்காச்சும் தெரிஞ்சா?"

"நீ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்று என் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அநேகமாக அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. போன் ஓயாத நேரம். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் மவுஸ். மெயிலில் ஒன்று வந்திருந்தது. நாக்பூரிலிருந்து. அப்போதெல்லாம் தமிழில் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, தமிழர்களும் இங்கிலீஷில்தான் எழுதுவார்கள். இவர் ஆபீஸ் கடிதம் மாதிரி எழுதியிருந்தார். தங்கள் பெட்டி இன்று கிடைக்கப்பெற்றேன். அதனுள் நான் ஆர்டர் செய்யாத ஒரு பொருள், பூச்சட்டி ஒன்று, காணப்பட்டது. அதற்குக் கீழே நீளமாக இன்னும் இருந்தது. அந்த நேரத்தில் ரிசீவரில் விஜயவாடாக்காரர் ஒருவர் என் குலத்தையே இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் படித்தது அந்த இரண்டு வரி. ஆர்டர் செய்யாத பொருள். தாளில் நாலாவது கட்டம். பெட்டி நம்பர் எழுதினேன். கட்டியவர் நம்பர் என்ற இடத்தில் நாலு என்று எழுதினேன். மெயிலுக்கு வருத்தத்தை ஒட்டி அனுப்பினேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எழுதும்போது நாலு என்பது ஒரு ஆள் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கோபத்தில் போட்டுக்கொடுத்திருந்தால் கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் இல்லை. பிரியம்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மருமகன் வந்தார். கையில் நான் அனுப்பிய தாளின் பிரிண்ட். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். அக்காவைக் கூப்பிட்டு விட்டார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, வலது காது அவர்கள் பக்கம் இருக்கும்படி கொஞ்சம் திரும்பி நின்றாள். என் மேஜைக்கும் அவள் நின்ற இடத்துக்கும் பத்தடி இருக்கும்.

"நாலாம் நம்பர் நீங்கதானே?"

"ஆமாய்யா."

"லிஸ்ட்ல இல்லாத பூச்சட்டி எப்படி உள்ள போச்சு?"

"நான்தான்யா வச்சேன். கூடையில கெடந்துச்சு. மேல ஒன்னு வைக்காம மூட மனசு வரல."

"வைக்கக் கூடாதுன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னேனா இல்லையா? இப்ப பாருங்க, கஸ்டமர் எழுத்துல குடுத்திருக்கார்."

அண்ணாச்சி மேஜை மேல் இருந்த பில் புத்தகத்தைத் திறந்து மூடினார். இன்டர்நெட் வியாபாரம் மருமகன் பொறுப்பு என்று அவர் விட்டுக்கொடுத்திருந்தார். கொசுறு வைத்ததற்காக ஒருத்தியை நிறுத்தி வைத்துக் கேட்பது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் சும்மாதான் இருந்தார்.

அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

"பாப்பா, அவுக என்னதான் எழுதியிருக்காக?"

மெயில் என் முன்னால் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. திறந்தால் திறந்துவிடும். கீழே இறங்கிப் படித்திருக்கலாம். "இருங்கக்கா, பாக்கேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னேன்:

"கேக்காத சாமான் உள்ள இருந்துச்சுன்னு எழுதியிருக்காருக்கா."

"கோவமாவா எழுதியிருக்காக?"

போன் அடித்தது. எடுத்தேன். எல்.ஆர். நம்பர் கேட்டார்கள். சொன்னேன். வைத்துவிட்டுப் பார்த்தபோது அக்கா கொட்டகைக்குள் போய்த் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். சீசன் முடியும் மட்டுமாவது இருக்கட்டும் என்று அண்ணாச்சி முனகினார் போலிருக்கிறது. ஒருவரை விட்டால் எல்லோரும் வைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று மருமகன் சொல்லிவிட்டார். போகும்போது அக்கா என் மேஜைப் பக்கம் வந்து, "வாரேன் பாப்பா, சோத்தைத் தின்னு, ஆறிப் போச்சு பாரு" என்றாள். நான் தின்றேன். உப்பு உறைப்பு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தின்றேன்.

அதன் பிறகு தை மாதத்தில் ஒரு தடவை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸுக்குப் போவதாகச் சொன்னாள். ஊருக்கே வேன் வருகிறதாம். "மருந்துக்கா?" என்று கேட்டேன். "பின்னே, என்னைய எழுதவா கூப்பிடுவாக?" என்றாள். விரல் நகத்தைச் சுற்றி, மருந்தில் கலக்கிற வெள்ளிப் பவுடர் அப்பியிருந்தது. எங்கள் அப்பா கையும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டேன். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று. ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த சீசன். ஆவணியில் ஒரு போன். நாலு விரற்கடை தள்ளித்தான் பிடித்திருந்தேன். எதிர்ப்பக்கம் கத்தல் இல்லை. வயதான, நிதானமான தமிழ்க் குரல். நாக்பூரில் ரயில்வேயில் இருப்பதாகச் சொன்னார்.

"போன வருஷம் உங்ககிட்ட ஒரு பெட்டி வாங்கினேன். பாராட்டி ஒரு கடிதமும் எழுதினேன். அதுக்கு நீங்க மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டிருந்தீங்க. நானும் என் வீட்டம்மாவும் அதை வச்சு ரொம்ப நாள் சிரிச்சோம். பாராட்டினதுக்கு எதுக்கும்மா வருத்தம்?"

நான் ரிசீவரைக் காதோடு ஒட்டினேன்.

"இந்த வருஷம் எங்க குவார்ட்டர்ஸ்ல பதினெட்டு வீடும் உங்ககிட்டதான் வாங்கப் போறோம். நெட்ல வாங்கினா ஏமாத்திடுவான்னு எல்லாரும் பயந்தாங்க. நான்தான் சொன்னேன், குறைச்சு அனுப்புறவன் உண்டு, இவங்க கேட்டதுக்கு மேல ஒண்ணு வச்சு அனுப்புறாங்கன்னு. அதைச் சொல்லித்தான் பதினெட்டுப் பேரையும் சேர்த்தேன். அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மேல வைக்கிற ஒண்ணு, பதினெட்டுப் பெட்டியிலயும் இருக்கணும். முடிஞ்சா போன தடவை கட்டினவங்களே கட்டட்டும். சரியாம்மா?"

"சரிங்க சார்" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பழைய மெயிலைத் தேடினேன். ஒரு வருஷத்துக் கத்தலுக்குள் புதைந்து கிடந்தது. கண்டுபிடித்துத் திறந்து, அந்த இரண்டு வரிக்குக் கீழே படித்தேன். முன்பின் தெரியாத கடையில் வாங்குகிறோமே என்று அவர்கள் பயந்தது, பெட்டியைத் திறந்ததும் மேலே அந்தப் பூச்சட்டி உட்கார்ந்திருந்தது, பேத்தி அதை எடுத்துக்கொண்டு ஓடியது, முகம் தெரியாதவர்களுக்கும் ஒன்று கூட வைக்கிற கடை என்று தெரிந்துகொண்டது எல்லாம் இருந்தது. கடைசி வரி மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. சீட்டில் கண்ட நான்காம் எண் பேக்கருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தயவுசெய்து நேரில் தெரிவிக்கவும்.

எனக்கு அழுகை வரவில்லை. மருமகன் கொடுத்த அந்தக் கட்டத் தாளை எடுத்துப் பார்த்தேன். தாமதம், குறைவு, உடைசல், தவறான பொருள். நன்றி என்று ஒரு கட்டம் அதில் எங்கேயும் இல்லை. அது மருமகன் செய்த தப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். தாளில் கட்டம் இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் இருந்ததே.

மருமகனிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டார். மனுஷன் கெட்டவர் கிடையாது. "பதினெட்டா? சூப்பர். அப்ப அதை ஒரு ஆஃபரா போட்டுடலாம். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு இலவசப் பொருள்னு வெப்சைட்ல எழுதிடறேன்" என்றார். சாயங்காலத்துக்குள் எழுதியும் விட்டார், சிவப்பு எழுத்தில், மின்னி மின்னி அணைகிற மாதிரி. அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "வந்தா வரச் சொல்லும்மா. எனக்கும் அன்னைக்கு மனசே சரியில்ல" என்றார்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் அக்காவின் ஊருக்குப் போனேன். ஊர் முனையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வேனுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும், "ஆத்தாடி, யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்று சிரித்தாள். மெலிந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"என்ன பாப்பா, இம்புட்டு வெள்ளன? வீட்ல எல்லாம் சொகமா?"

"சொகந்தான்க்கா. அண்ணாச்சி உங்களைத் திரும்ப வரச் சொன்னாக. பேக்கிங்குக்கு."

அவள் வலது காதை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். "எதுக்கு?"

பையிலிருந்து மெயிலின் பிரிண்டை எடுத்தேன். இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன். பூச்சட்டியைச் சொன்னேன், பேத்தி ஓடியதைச் சொன்னேன், நான்காம் எண்ணுக்கு நன்றி என்பதைச் சொன்னேன். மற்ற பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அக்காவின் முகம் மலர்ந்தது. ஒரு பூச்சட்டிக்கு இந்தப் பாடா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாலாம் நம்பர்னே எழுதியிருக்காகளா?"

"ஆமாக்கா."

"இப்பத்தான் எழுதுனாகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும், அவள் நம்பியிருப்பாள்.

"இல்லக்கா. போன வருஷம். நீங்க போனீகள்ல, அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி வந்துச்சு."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அந்தத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டேன்ல பாப்பா, என்ன எழுதியிருக்காகன்னு."

"கேட்டீகக்கா."

"நீ படிக்கலையா?"

"ரெண்டு வரி படிச்சேன்."

வேன் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். தாளை மடித்து அவள் கையில் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

"இதை நீயே வச்சுக்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. தெரிஞ்சவ நீ."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. பஸ்ஸில் யாருக்கோ இடம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பிறகு இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி உள்ளே போய், இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து, "சாப்பிட்டுப் போ, வெறும் வயித்தோட போகாத" என்றாள்.

அவள் திரும்ப வரவில்லை. கேட்டாக்கூடப் பாத்துச் சொல்ல ஆளில்லாத எடத்துக்கு எதுக்குப் போகணும் என்று ஊரில் சொன்னாளாம். பதினெட்டுப் பெட்டிகளையும் நானே கொட்டகையில், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சட்டி வைத்தேன். சீட்டில் எண் எழுதும் இடத்தில் நாலு என்று எழுதினேன். தீபாவளி முடிந்து நாக்பூர்க்காரர் மெயில் போட்டார், பதினெட்டு வீட்டின் சார்பாகவும் நான்காம் எண்ணுக்கு நன்றி என்று. கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் கொஞ்சம் பயத்தோடு என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக் கதை என்றால் வெடித்துத்தான் முடியும் என்று ஒரு நினைப்பு. அவள் போன பட்டாசு ஆபீஸில் ஒன்றும் வெடிக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வலி வந்து வேலையை விடும் வரைக்கும் பல வருஷம் தினமும் காலையில் அந்த வேனில் ஏறினாள். தினமும் பயந்துகொண்டே ஏறினாள் என்று அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி பின்னால் எனக்குச் சொன்னாள். வேன் வருகிற சத்தம் கேட்டதும் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஏறுவாளாம்.